நாலாவது தட்டு

கரம்பொன் எமிலி ரீச்சரைத் தெரியாத ஆள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பாடசாலையில் முப்பது வருஷம் தையல் படிப்பித்தவள். அவளிடம் பொத்தான் துளை தைக்கப் படித்தவர்கள் இன்றைக்கும் கோணல் தையலைக் கண்டால் பதறுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிடில் வாசிப்பாள். கலியாணம் பேசி வந்தவர்களிடம், "கையிலை இருக்கிற உடுப்பை முடிச்சிட்டுச் சொல்லுறன்" என்பாளாம். அந்த உடுப்பு கடைசிவரை முடியவில்லை. ஆள் கட்டை, குரல் மெல்லிசு. ஆனால் ஒன்றைப் பிடித்தாளென்றால் உடும்புப்பிடிதான். உடைந்துபோன ஓர் இசைத்தட்டை ஒன்பது வருஷம் அவள் பிடித்த பிடியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டு வெள்ளைக்காரர்கள் போனார்கள். எமிலியின் தம்பி அருளப்பு அங்கே கிளாக்கராய் இருந்தவன். போகிற துரை ஒருவர் வீட்டுச் சாமானை எல்லாம் விற்றபோது, அக்காவுக்கென்று ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி இசைத்தட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். பெட்டியைப் பஸ் கூரையில் போட்டுக் கட்டினான். வவுனியாவில் ஏறிய யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு மேல் நெல்லு மூட்டையைப் போட்டுவிட்டான். அருளப்பு உள்ளே நல்ல நித்திரை.

பெட்டிக்குள் நாலு தட்டு. நாலும் சேர்ந்து ஒரே இசை. முதல் மூன்றும் கீறல் விழாமல் வந்து சேர்ந்தன. நாலாவது, கடைசித் தட்டு, ஏழு துண்டு.

"ஒண்டுதானே அக்கா போனது. மிச்சம் மூண்டு கிடக்கெல்லே" என்றான் அருளப்பு.

"மடையா! முடிவெல்லே போட்டுது!" என்றாள் எமிலி. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

பெட்டியின் மூடிக்குள் ஒரு படம் ஒட்டியிருந்தது. லண்டனில் யுத்தத்துக்குப் பிறகு சேர்ந்த நாலு பேர். பென்போல்ட் குவாட்டெற் என்று பெயர். இரண்டு வயலின், வயலினை விடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, முழங்காலுக்கிடையில் வைத்து வாசிக்கிற செலோ ஒன்று. மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணின் கையில்தான் வியோலா. நாலு பேரும் கமராவைப் பார்க்கவில்லை, ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களில் தலைவர் என்று ஒருவரும் இல்லை என்று கீழே எழுதியிருந்தது.

முதல் தடவை கேட்டபோது எமிலிக்குப் பெரிதாய் ஒன்றும் பிடிக்கவில்லை. உருக்கி வழிகிற வாசிப்பு இல்லை. நீட்டிய சுரத்தை நடுக்காமல் அப்படியே நேராய் நிற்கவிட்டார்கள். சீனி போடாத தேத்தண்ணி மாதிரி இருந்தது. ஆனால் சீனி போடாத தேத்தண்ணி பழகினால் வேறொன்றும் வாய்க்கு வராது, தெரியுமோ? ஒரு கிழமையில் அவளுக்கு அது பிடித்துவிட்டது. ஒரு வாத்தியம் பேச வாயெடுத்தால் மற்ற மூன்றும் தணிந்து இடம் விடும், ஆனால் வாயை மூடாது. ஒன்றையொன்று அமுக்காது, ஒருவருக்காக ஒருவர் அவசரப்படாது. நாலு பேர் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு கதை பேச்சு நடந்து எமிலி கண்டதேயில்லை. நடுவிலே நின்று எல்லாரையும் தாங்குகிற வியோலாவை அவள் பத்தாம் தடவைதான் பிரித்துக் கேட்டாள். கேட்ட பிறகு அதை விடவே முடியவில்லை.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பகுதி தொடங்கும் முன்னும் தட்டில் ஒரு சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி.

"பாவம், அந்த மனுசனுக்குத் தடிமன்" என்றாள் எமிலி. "லண்டன் குளிரெல்லே."

மூன்றாவது தட்டில் மெதுவான பகுதி தொடங்கி, நல்ல இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற இடத்தில், டக்கென்று நிற்கும். மிச்சம் அந்த ஏழு துண்டில். கொழும்புக் கடைக்கு எழுதினாள். அந்தத் தட்டு இப்போது அடிப்பதில்லை என்று பதில் வந்தது. இரண்டாம் தடவையும் எழுதினாள். அதே பதில்தான்.

ஆனால் பெட்டிக்கடியில் நாலு கொப்பி இருந்தன. நாலு வாத்தியத்துக்கும் தனித்தனியாய் அச்சடித்த இசை எழுத்து. கன்னியாஸ்திரிகளிடம் பிடில் படித்த எமிலிக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். கோயில் ஆர்மோனியத்தில் நாலையும் சேர்த்து வாசித்துப் பார்த்தாள். நாலு குரலும் ஒன்றோடொன்று ஒட்டி உழுத்தங்களியாய் வந்தது. "சீ! இப்பிடிக் கேட்டு அந்த முடிவைக் கெடுக்கமாட்டன்" என்று ஆர்மோனியத்தை மூடினாள். வீட்டுக்கு வந்து, ஊசியை எடுத்து, நாலு கொப்பியிலும் கடைசிப் பக்கத்தை ஓரம் ஓரமாய்த் தைத்து மூடிவிட்டாள். நாலு பேரைச் சேர்ப்பது, மற்றப் பக்கங்களைப் பிழையில்லாமல் வாசிப்பது, அதற்குப் பிறகு தையலைப் பிரித்து முடிவைக் கேட்பது. தீர்மானம் முடிந்தது.

சொல்ல லேசு. தீவில் வியோலா ஏது, செலோ ஏது? கொழும்பிலிருந்து தடித்த நரம்பு எடுப்பித்துத் தன் பிடிலிலேயே பூட்டி அதை வியோலா ஆக்கினாள். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது, பரவாயில்லை என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியக் கோஷ்டி கலைந்தபோது வயிறு வெடித்த செலோ ஒன்று கிடைத்தது. ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டுகிற தச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன ரீச்சர், கடலிலை விடுறதே?" என்று கேட்டார். வெடிப்பை வள்ளத்துக்கு அடைக்கிற மாதிரியே குங்கிலியம் வைத்து அடைத்துக் கொடுத்தார். அந்தச் செலோ கடைசிவரை ஒழுகவில்லை.

அடுத்தது ஆட்கள். ஊர்காவற்றுறையில் சுங்கப் பகுதியில் வேலை பார்த்த மரியநாயகம், கோயிலில் எமிலிக்கு மூத்த பிடில்காரர். வேலணை முருகேசு, சைவக் கோயில் கச்சேரிகளில் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வயலின் வாசிக்கிறவர். கெட்டிக்காரர், ஆனால் வாய் திறவாத மனுசன். மூன்றாவது சறோஜினிதேவி. வேலணையில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், வீணை தெரிந்தவள், நீளக் கை. "உமக்குச் செலோ வரும், கையைப் பாக்கவே தெரியுது" என்று பஸ்ஸில் வைத்தே எமிலி அவளைப் பிடித்துவிட்டாள். வில் பிடிக்கப் பழகவே சறோஜினிக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. சனிக்கிழமைகளில் தையல் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மடத்துச் சிஸ்டர் ஒருவர் மாடு கன்று போடுகிறதோ என்று ஓடி வந்தாராம்.

"எனக்கு அந்த இங்கிலிஸ் எழுத்து வாசிக்க ஏலாது ரீச்சர்" என்றார் முருகேசு.

"நான் சரிகமவிலை எழுதித் தாறன். வேறென்ன சாட்டு வைச்சிருக்கிறியள்?"

முருகேசு சரியென்று தலையை ஆட்டினார்.

அறுபத்தைந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தையல் அறையில் படத்தில் உள்ளது மாதிரியே நாலு கதிரையைப் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கதிரையில் இருந்து வாசித்துப் பழக்கமில்லாத முருகேசு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தார். நாலு வில்லும் நரம்பில். அறை அமைதி.

அமைதி என்றால் அமைதி. ஒருவரும் தொடங்கவில்லை.

"நீங்கள் தொடங்குங்கோ அண்ணை" என்றார் முருகேசு, மரியநாயகத்திடம்.

"இல்லை, நீர் கச்சேரிக்காரன். நீர் எடும்."

"ஐயோ, பெரியாக்கள் இருக்க நானோ?"

"எமிலி அக்கா தொடங்கட்டும்" என்றாள் சறோஜினி.

பாருங்கள் கூத்தை! நாலு பேரும் வாழ்நாள் முழுக்க இன்னொருவருக்குப் பின்னால் போய்ப் பழகியவர்கள். முருகேசு பாடகருக்குப் பின்னால், மரியநாயகமும் எமிலியும் பாட்டுக்குழுவுக்குப் பின்னால், சறோஜினி சுருதிப்பெட்டிக்குப் பின்னால். முன்னே ஒருவர் போனால் நிழல் மாதிரிப் போவார்கள். முன்னே ஆளில்லை என்றவுடன் நாலும் முட்டுச்சந்தில் நின்ற மாடு. ஒருவழியாய்த் தொடங்கினால் அது இன்னும் மோசம். ஒவ்வொருவரும் மற்றவர் வரட்டும் என்று ஒரு கணம் பிந்துவார். அவருக்காக மற்றவர் இன்னொரு கணம் பிந்துவார். மரியாதை கூடக் கூட வேகம் குறைந்து, இரண்டாம் பக்கத்தில் இசை நடந்து களைத்து அப்படியே படுத்துவிட்டது.

அடுத்த கிழமையும் அப்படி. அதற்கடுத்த மாதமும் அப்படி. ஒரு நாள் மரியநாயகம் பொறுக்க முடியாமல் சப்பாத்துக் காலால் நிலத்தை அடித்துத் தாளம் போட்டார். எல்லாரும் ஒன்றாய் வந்தார்கள், அது உண்மை. ஆனால் இராணுவ அணிவகுப்பு மாதிரி வந்தார்கள்.

"காலை வையுங்கோ அண்ணை" என்றாள் எமிலி.

"ஒருத்தன் தலைமை தாங்காமல் இது சரிவராது எமிலி. உலகத்திலை எங்கை நடக்குது?"

"தட்டிலை நடக்குது. அதிலை ஆரும் நிலத்துக்கு அடிக்கேல்லை."

"அப்ப அந்தத் தட்டையே கேட்டுக்கொண்டிரும்!" மரியநாயகம் பிடிலைப் பெட்டிக்குள் வைத்தார். "தலையில்லாத முண்டம் இது. எனக்கு ஏலாது." முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோயிலிலும் எமிலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசித்தார்.

மூன்று பேராய் அறுபத்தாறில் மாதக்கணக்காய் வாசித்தார்கள். முதல் வயலின் இல்லாமல் என்ன வாசிப்பு! வாசலில்லாத வீடு. ஊரார் சிரித்தார்கள். "என்ன ரீச்சர், வெள்ளைக்காரன் போயிட்டான், நீங்கள் இன்னும் விடேல்லையோ?" என்று சந்தையில் ஒருவன் கேட்டான். "நீ போட்டிருக்கிற கால்சட்டை வெள்ளைக்காரன்ரைதானே, கழட்டன் பாப்பம்" என்றாள் எமிலி.

கார்த்திகையில் இடி விழுந்தது. சறோஜினிக்கு மட்டக்களப்புப் பக்கம் மாற்றம். தை மாதம் அங்கே நிற்கவேண்டும். "இனி எப்ப வருவன் எண்டு தெரியாது அக்கா" என்று கண் கலங்கச் சொன்னாள். தீவில் இன்னொரு செலோக்காரிக்கு எமிலி எங்கே போவாள்? நத்தார்ப் பண்டிகைக்கு நாலு ஞாயிறு இருந்தது. நாலு ஞாயிறுக்குள் கேட்டால் கேட்டதுதான். இல்லையென்றால் தைத்த பக்கம் தைத்தபடி கிடந்து அவளோடு மண்ணுக்குள் போகவேண்டியதுதான். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டுவிட்டு, கிராமபோனுக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். அழுது முடிய மூக்கை உறிஞ்சினாள்.

அதேநேரம் கிராமபோனும் மூக்கை உறிஞ்சியது.

எமிலி நிமிர்ந்தாள். ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள். ம்ம்... ஒரு உறிஞ்சல், உடனே நாலு வாத்தியமும் ஒன்றாய். வேகமான பகுதியைப் போட்டாள். அங்கே உறிஞ்சல் சுருக்கம். மெதுவான பகுதியைப் போட்டாள். அங்கே நீளம். ஒரு தாளக் கணக்கின் நீளம், சரியாய், மயிரிழை பிசகவில்லை.

"என்ரை மாதாவே! தடிமனில்லையடா அருளப்பு!" என்று கத்தினாள். குசினியில் இருந்த அருளப்பு பயந்து ஓடி வந்தான். "அது மூச்சு! மூச்செடுத்துத்தான் தொடங்கினவை! ஒன்பது வருஷம் அந்த மனுசனைத் தடிமன்காரன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனே, விசரி நான்!"

அடுத்த நாள் கிராமபோனை அருளப்புவின் சைக்கிளில் கட்டி, இந்தமுறை தானே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊர்காவற்றுறைக்கு நடந்தாள். மரியநாயகம் வாசலில் நின்று, "என்ன வந்தனீர்?" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. எமிலி கேட்கவும் இல்லை. நேரே போய் அவருடைய மேசையில் கிராமபோனை வைத்துச் சாவி கொடுத்தாள்.

"பாட்டைக் கேட்காதையுங்கோ. பாட்டுக்கு முதல் வாறதைக் கேளுங்கோ."

மரியநாயகம் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தடவை குனிந்து காதை வைத்தார்.

"இஞ்சை மூச்செடுக்கிறது ஒருத்தர்" என்றார் மெதுவாக. "அங்காலை வேறை ஆள். இது பொம்பிளையின்ரை மூச்சு."

"ஓம் அண்ணை. ஆரின்ரை பேச்சோ, அவைதான் மூச்செடுக்கினம். தலைவர் ஒராள் இல்லை. ஆனால் தலைவரே இல்லாமலும் இல்லை. மாறி மாறி வருகுது."

மரியநாயகம் ஊசியைத் தூக்கி வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "எமிலிக்குத் தேத்தண்ணி போடுங்கோ" என்று குரல் கொடுத்தார். பிடிலை எடுக்கப் போனார்.

முதல் ஞாயிறு மூச்செடுக்கவே பழகினார்கள். வாத்தியமில்லை, நாலு பேரும் கதிரையில் இருந்து மூக்கால் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஞாயிறு மெதுவான பகுதியை ஒன்றாய்த் தொடங்கினார்கள். ஒரே கணத்தில், ஒரே சத்தமாய், நாலு வில்லும். சறோஜினி "ஆ!" என்று வில்லை விட்டுவிட்டாள். ஓரிடத்தில் இரண்டாம் வயலின்தான் பேச்சை எடுக்கவேண்டும். முருகேசுவுக்கு அங்கே மூச்சு வரவேயில்லை. "நான் ஆருக்கும் முன்னாலை போனதில்லை ரீச்சர்" என்றார், வேர்த்து வழிய. "அப்ப இண்டைக்குப் போங்கோ" என்றாள் எமிலி. பதினேழாம் தடவை போனார். போனபோது மரியநாயகம், சுங்கப் பகுதியின் அந்தப் பெரிய மனுசன், வில்லைத் தணித்து அவருக்கு இடம் விட்டார். எமிலி அதைப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு கடைசிப் பக்கம் தவிர எல்லாப் பக்கமும் பிழையில்லை.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு. எமிலி சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நாலு கொப்பியிலும் ஒன்பது வருஷத் தையலைப் பிரித்தாள். பிரிக்கும்போதுதான் நினைவு வந்தது. முருகேசுவுக்குக் கடைசிப் பக்கத்தைச் சரிகமவில் எழுதவில்லை! எப்படி எழுதுவது, அதுதான் மூடிக் கிடந்ததே.

"ஐயோ, முருகேசு அண்ணை..."

"பதறாதையுங்கோ. நான் சறோஜினி ரீச்சரிட்டை அந்த எழுத்துப் படிச்சிட்டன்" என்றார் முருகேசு. "எட்டு மாதமாப் படிச்சனான். இந்தப் பக்கத்துக்காகத்தான்."

வில்லைத் தொடாமல் பத்து நிமிஷம் நாலு பேரும் தங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள். எமிலி தன்னுடையதைப் பார்த்தாள். முதல் வரி, இரண்டாம் வரி வழக்கம்போல மற்றவர்களைத் தாங்குகிற வேலை. மூன்றாம் வரிக்கு முன் ஓர் இடைவெளி, எல்லாரும் நிற்கிற இடம். அதற்குப் பிறகு... அவள் கொப்பியைக் கிட்டப் பிடித்தாள். முதல் தட்டில், முதல் பக்கத்தில், முதல் வயலின் பாடிய அதே மெட்டு. இந்தத் தடவை வயலினுக்கல்ல. வியோலாவுக்கு. அவளுக்கு. மற்றவர்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தொடங்கினார்கள். மரியநாயகத்தின் மூச்சு, நாலு வில். தட்டு வழக்கமாய் நிற்கிற இடம் வந்தது, தாண்டிப் போனார்கள். யன்னலுக்கு வெளியே நின்ற அருளப்பு, அந்த இடத்தைத் தாண்டினவுடன் தொப்பியைக் கழற்றினான். இரண்டாம் வரி முடிந்தது. எல்லாரும் நின்றார்கள்.

இனி எமிலி மூச்செடுக்கவேண்டும்.

எமிலியால் முடியவில்லை. கண்ணீர் கொப்பியை மறைத்தது. ஊருக்கே மூச்செடுக்கப் படிப்பித்தவள், தன்னுடைய இடத்தில் மூச்சில்லாமல் இருந்தாள். அமைதி நீண்டது. மரியநாயகம் கால் தட்டவில்லை. சறோஜினி அசையவில்லை.

பக்கத்துக் கதிரையில், மெதுவாக, ஒரு தாளக் கணக்கின் நீளத்துக்கு, சரியாய், முருகேசு மூச்செடுத்தார்.

எமிலியின் வில் தானாய் எழுந்தது. அடைத்த குரலுள்ள அந்தப் பிடில் மெட்டை எடுத்தது. மற்ற மூன்று பேரும் தணிந்து அவளுக்கு இடம் விட்டார்கள், வாயை மூடாமல். கடைசி வரை அவள் போனாள். கடைசிச் சுரத்தை நடுக்காமல் நேராய் நிற்கவிட்டாள்.

யன்னலுக்குள்ளால் அருளப்பு தலையை நீட்டினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"இவ்வளவுதானே அக்கா அந்தத் தட்டிலை இருந்தது? இதுக்கே ஒன்பது வருஷம் என்னோடை கோவம்?"

"ஓமடா. இதுக்குத்தான்."

அருளப்பு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப முதல்லையிருந்து ஒருக்கா வாசியுங்கோவன். அண்டைக்கு நான் பஸ்ஸிலை நித்திரை."

எமிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியை முன்பக்கத்துக்குத் திருப்பினாள். நாலு பேரும் மூச்செடுத்தார்கள்.